எதிர்ச்சுவர் வெளிச்சம்

என் கடை கிழக்குப் பார்த்தது. பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடந்தால் ஒரு பீடி தீரும் தூரம். எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புளி மண்டி. என் கடையைப் பார்த்த அதன் சுவரில் ஜன்னல் கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வெயில் என் கடைக்கூரையைத் தாண்டிப் போய் அந்தச் சுவரில் விழும். விழுந்த வெயில் அங்கிருந்து திரும்பி என் கடைக்குள் வரும். வரும்போது சூடு இருக்காது, கண் கூசாது. வாசலோரம் ஒரு மர ஸ்டூல் கிடக்கும், அதன்மேல் வந்து உட்காரும். அரை மணி நேரம் இருக்கும். அப்புறம் போய்விடும்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இடத்தில் கடை வைத்திருந்தேன். அந்த வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றே ஒன்று. அதுவும் இப்போது இல்லை.

ஏன் அதற்கு முன்னால் எடுக்கவில்லை என்று கேட்கலாம். எடுக்க விட்டால்தானே. படம் எடுக்க வருகிறவருக்கு லைட் எரிய வேண்டும். இரண்டு பக்கமும் குடை லைட்டைப் போட்டு, கண்ணில் நீர் வரும் அளவுக்கு வெளிச்சம் அடித்தால்தான் படம் எடுத்ததாக நம்புவார்கள். ஒரு தடவை, கடை வைத்த புதிதில், ஒரு வாத்தியாரை அந்த ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். "ஏனுங்க, கரண்டு பில்லு மிச்சம் பண்றீங்களா?" என்று கேட்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அதோடு விட்டேன்.

சுவரில் ஒரு திரை தொங்கும். பனி மலை, ஏரி, ஏரியில் ஒரு படகு. சேலத்தில் எழுதி வாங்கி வந்தது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர் ஒருவர் மாமியார் வூட்டுக்கு வந்தவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்தப் படகுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். தினமும் தண்ணியிலேயே கிடக்கிற மனுஷன்.

"உங்க ஊருக்கே வந்து எடுத்துத் தரட்டுங்களா? பரிசல்ல உக்காந்த மாதிரி?" என்று கேட்டேன்.

"அது பொழப்புங்க. இது படம்" என்றார்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் தெரியும். அந்தப் பரிசல்காரர் சொன்னதைத்தான் தொழிலுக்குப் பாடமாக எடுத்துக்கொண்டேன். இருக்கிறது வேறு, படம் வேறு. அப்படி நினைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் வரும்.

பிலிம் காலத்தில் டச்சிங் என்று ஒரு வேலை உண்டு. நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் இருக்கும். ஆளை வெளுப்பாகக் காட்ட வேண்டுமென்றால் நெகட்டிவில் முகத்தின்மேல் பென்சிலால் மெல்ல மெல்லக் கறுப்பு ஏற்ற வேண்டும். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்து ஊசி மாதிரி ஆக்கி வைத்திருப்பேன். கன்னத்துக் குழி, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பு எல்லாம் அந்த ஊசிமுனையில் மூடிப்போகும். எத்தனையோ பேரை அப்படி வெளுப்பாக்கி அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஒன்று. அந்தப் பென்சில் பூச்சு வேண்டாம் என்றால் டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும். அடியில் ஆள் எப்படி இருந்தாரோ அப்படியே இருப்பார். நெகட்டிவ் என்பது அப்படி. அதன்மேல் என்ன அக்கிரமம் செய்தாலும் அது தன் சேதியைத் தனக்குள் வைத்திருக்கும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பிலிம் போன பிறகு கம்ப்யூட்டர் வாங்கினேன். தர்மபுரியில் படம் கழுவிக் கொடுக்கிற லேப்காரர் வந்து இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். அவருக்கும் அவசரம், எனக்கும் இங்கிலீஷ் தெரியாது. வெளுப்பாக்க எங்கே அமுக்க வேண்டும், பின்னால் மலை வைக்க எங்கே அமுக்க வேண்டும் என்று இடத்தை வைத்தே பழகினேன். வேலை முடிந்து மூடும்போது நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ கேட்கும். மூன்று பொத்தான் இருக்கும்.

"இது என்னங்க கேக்குது?" என்றேன்.

"அது என்னா கேட்டா உங்களுக்கென்னா? எடது பக்கத்தை அமுக்குங்க, தப்பே வராது" என்றார்.

அப்படியே அமுக்கினேன். பத்து வருஷத்துக்கு மேல் அமுக்கினேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு சனிக்கிழமை. மலையடிவாரத்தில் மரவள்ளியும் மஞ்சளும் போடுகிற குடும்பம். அப்பாவை எனக்கு முன்பே தெரியும், மூத்த மகன் காதுகுத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். பெண் ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, லீவுக்கு வந்திருந்தது. மாப்பிள்ளை வூட்டுக்கு ஜாதகத்தோடு அனுப்பப் படம் வேண்டும்.

"அண்ணா, நல்லா கலரா வரணுங்க. போன்ல எடுத்ததெல்லாம் ஆவாதுன்னு தரகர் சொல்லிட்டாரு" என்றார் அப்பா.

"அப்பா, நீ சும்மா இரு" என்றது பெண். பிறகு என்னிடம் திரும்பி, "தாத்தா, நான் எப்பிடி இருக்கறனோ அப்பிடியே எடுங்க. என் போனு இருக்குதே, அது நான் சொல்லாமயே என்னை வெள்ளையாக்கிடுது. அதை அனுப்பித்தான் ரெண்டு வூட்டுக்காரங்க வந்தாங்க. வாசப்படி ஏறும்போதே என் மூஞ்சில யாரையோ தேடறாங்க. நான் காபி குடுத்துகினு நிக்கறேன், அவங்க எனக்குப் பின்னாடி எட்டிப் பாக்கறாங்க, பொண்ணு எப்ப வரும்னு."

சொல்லிவிட்டு அதுவே சிரித்தது. அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உன் வாயினாலதான் எல்லாம் போவுது" என்றார்.

நல்ல கறுப்பு அந்தப் பெண். எங்கள் பக்கத்தில் கேழ்வரகுக் கதிர் முற்றினால் ஒரு நிறம் வரும், அதைவிட ஒரு படி கூடின கறுப்பு. குடை லைட்டைப் போட்டு, பட்டுப்புடவையில் நிற்க வைத்து ஏழெட்டு எடுத்தேன். எல்லாம் வீண். வெளிச்சம் பட்டதும் அது கண்ணை இடுக்கிக்கொண்டது. தோளைத் தூக்கிக்கொண்டது. கழுத்து காணாமல் போனது.

நடுவில் அப்பாவுக்கு போன் வந்தது. மஞ்சள் வேக வைக்கிற ஆள் யாரோ. சத்தமாகப் பேசிக்கொண்டே ரோட்டுக்குப் போனார். பெண் லைட்டுச் சூட்டைத் தாங்காமல் வாசலுக்கு வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ரோட்டில் அப்பா கையை ஆட்டி ஆட்டிச் சண்டை போடுவதைப் பார்த்தது. மணி நாலரை இருக்கும். சுவர் வெளிச்சம் வந்திருந்தது.

சில பேரை வெளிச்சம் அடிக்கும், சில பேர்மேல் வழியும். அந்தப் பெண்ணிடம் அது கேட்டுக்கொண்டு வந்த மாதிரி வந்தது. நெற்றியில் ஒரு கோடு, மூக்கின் ஓரத்தில் ஒரு கோடு, கன்னம் முழுக்க ஒரு மினுமினுப்பு. மீதி எல்லாம் அதன் சொந்தக் கறுப்பு. அப்பாவைப் பார்த்து உதட்டுக்குள்ளே ஒரு சிரிப்பு. பாசமும் சலிப்பும் கலந்தது. கேமராவை எடுத்தேன். ஒரே ஒரு தடவை அமுக்கினேன். இரண்டாவது எடுக்கக் கை போகவில்லை.

கேமராவின் பின்பக்கத்தில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தது. சிரிக்கவில்லை.

"இது நான்தான், தாத்தா" என்றது.

அப்பா வந்தார். அவருக்கும் காட்டினேன். அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார். மனுஷன் கண்ணில்லாதவர் இல்லை.

"நல்லாத்தான் இருக்குது. எங்க அம்மா மாதிரியே இருக்குது. ஆனா இது நம்ம வூட்டுக்குள்ள மாட்டறதுக்குங்க. வர்றவங்களுக்கு இதைக் காட்ட முடியுமா?"

"இதை அனுப்புப்பா. வந்தா இதைப் பாத்துட்டு வரட்டும்" என்றது பெண்.

"வருவாங்க, வருவாங்க. நீ வண்டியில ஏறு."

போகும்போது பெண் என்னிடம் தனியாகச் சொன்னது: "தாத்தா, அவரு எதைக் கேட்டாலும் குடுங்க. ஆனா இதைத் தொடாதீங்க. அடுத்த லீவுல வந்து நானே வாங்கிக்கறேன்."

"வெச்சிருக்கறேன், கண்ணு" என்றேன்.

அதுதான் நான் கொடுத்த வாக்கு. அதில் கஷ்டமான காரியம் எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை அப்பா மட்டும் வந்தார். லைட்டுப் போட்டு எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் காட்டினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. "கழுத்துச் சுளுக்குப் புடிச்ச மாதிரி நிக்குது" என்றார். அது சரிதான். பிறகு அந்த ஸ்டூல் படத்தில் வந்து நின்றார்.

"இதுலதாங்க முகம் நல்லா இருக்குது. இதையே வெள்ளையாக்கிக் குடுங்க."

"அது வேணாம், தம்பி. அந்தப் படமே அந்த நெறத்துலதான் நிக்குது. தொட்டா ஒண்ணும் மிஞ்சாது."

"உங்களுக்கு ரெண்டும் பசங்க. பொண்ணைப் பெத்திருந்தாத் தெரியும்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னார். தக்காளி விலையைச் சொல்கிற மாதிரி சொன்னார். தவிர, எனக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு. நான் மேலே பூசப் போவது பூச்சுதானே, அடியில் அது இருக்கும்தானே. பெண் கேட்கும்போது துடைத்துக் கொடுத்துவிடலாம்.

வெளுப்பாக்கினேன். முதலில் நெற்றிக்கோடு போனது. பிறகு மூக்கின் ஓரம். கன்னத்து மினுமினுப்பு மாவு பூசின மாதிரி ஆனது. "இன்னும் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம். "கழுத்து மட்டும் கறுப்பா நிக்குது பாருங்க" என்றார். கழுத்து. ஸ்டூலையும் ரோட்டையும் எடுத்துவிட்டுப் பின்னால் ரோஜாத் தோட்டம் வைத்தேன். அந்த உதட்டுச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. வெள்ளை முகத்தில் அது யாரையோ கேலி பண்ணுகிற மாதிரி இருந்தது. அப்பாவுக்குத் திருப்தி. மூடும்போது சின்னப் பெட்டி வந்து கேட்டது. இடது பக்கத்தை அமுக்கினேன். மறுநாள் மொரப்பூரில் ஒரு சீர் விசேஷம், கேமராவின் மெமரி கார்டில் இருந்ததையெல்லாம் அழித்து எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு மாதம் கழித்து அப்பா வந்தார். கடையில் இரண்டு பேர் பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்தார்கள். அவர்களைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"என்னா படம் எடுத்துக் குடுத்தீங்க நீங்க?" என்றார்.

மாப்பிள்ளை வூட்டார் வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து படத்தை எடுத்து, காபி கொண்டுவந்த பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியைப் புடவையோடு வைத்துப் பார்ப்பார்களே, அப்படி. பார்த்துவிட்டு, "படத்துல இருக்கறது இந்தப் பொண்ணு இல்லீங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்கதானே கேட்டீங்க? வேணாம்னு நான் சொன்னனா இல்லியா?" என்றேன்.

"நான் கேட்டா நீங்க செஞ்சிடுவீங்களா? நான் மம்பட்டி புடிக்கறவன், எனக்கென்னா தெரியும்? தொழில்காரரு நீங்கதானே? ஊசி போடுங்கன்னு நாம கேட்டா டாக்டரு எதை வேணா போட்டுடுவாரா?"

பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்களில் ஒருவர் தலையை ஆட்டினார். என்மேல்தான் குற்றம் என்று அவருக்கும் பட்டிருக்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சொன்னபடி செய்யாவிட்டால் வேறு கடைக்குப் போவார்கள். சொன்னபடி செய்தால் ஏன் செய்தாய் என்பார்கள். இந்தத் தொழிலில் நான் வாங்கின பேச்சு எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு அவர் கேட்டது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை பெண் வந்தது. தனியாக, பஸ்ஸில்.

"தாத்தா, அந்தப் படம் குடுங்க. இன்னொரு எடம் வந்திருக்குது. இந்தத் தடவை அதைத்தான் அனுப்பணும்னு அப்பாகிட்டச் சண்டை போட்டு ஒத்துக்க வெச்சிருக்கறேன். அவங்க வூட்டுல அதைப் பாத்துட்டு வேணாம்னா வராம இருக்கட்டும். வந்து நின்னுகினு என் மூஞ்சியை அளக்க வேணாம்."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். ரோஜாத் தோட்டம் வந்தது. அதன்மேல் இருக்கிற பூச்சைத் துடைக்க எங்கே அமுக்குவது என்று தேடினேன். எனக்குத் தெரிந்த இடத்தையெல்லாம் அமுக்கினேன். லேப்காரருக்குப் போன் போட்டேன்.

"மூடும்போது கேட்டுச்சுல்ல? என்னா அமுக்குனீங்க?" என்றார்.

"நீங்க சொன்ன எடது பக்கம்தான்."

"அப்ப பழசு மேலயே புதுசு ஏறிடுச்சு. பழசு இல்லீங்க. வேற பேர்ல தனியா வெச்சீங்களா?"

எனக்கு அவர் சொல்வது புரிய நேரமானது. வேறு படங்களைத் திறந்தேன். போன வருஷத்துக் கல்யாணம், அதற்கு முந்தைய வருஷத்துச் சீர், காதுகுத்து. அத்தனை முகமும் வெளுப்பு. நான் வெளுப்பாக்கினவர்கள் ஒருத்தருக்கும் பழைய முகம் இல்லை. இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அதுவரைக்கும் ஒருத்தரும் பழைய முகத்தைக் கேட்டு வந்ததில்லை.

பெண் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

"தெரியாம அழிச்சிட்டேன், கண்ணு."

கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "செரி, திரும்ப எடுங்க. அதே எடம், அதே ஸ்டூலு. மணி நாலாவப் போவுது" என்றது.

உட்கார வைத்தேன். நாலரை வரைக்கும் காத்திருந்தோம். வெளிச்சம் வந்தது. மஞ்சளாக வந்தது. அப்போதுதான் எதிரே பார்த்தேன். அந்தப் பொங்கலுக்கு மண்டிக்காரர் சுண்ணாம்பு அடிக்கவில்லை. சுவரை ஒரு சிமெண்டு விளம்பரத்துக்கு விட்டிருந்தார். கீழிருந்து மேல்வரை மஞ்சள், நடுவில் சிவப்பெழுத்து. தினமும் எதிரே உட்கார்ந்துகொண்டு அதை விளம்பரமாகத்தான் பார்த்திருந்தேன். வெளிச்சமாகப் பார்க்கவில்லை. பெண்ணின் முகம் காமாலை வந்த மாதிரி இருந்தது.

கதவில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பார்த்தேன். லைட்டைக் கடைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் கொஞ்சம் குறைந்தது. ஆனால் பெண்ணும் பழைய மாதிரி உட்காரவில்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, முகத்தை எனக்கு ஒப்படைத்த மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. முன்பு அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கைப்பைக்காரி பார்த்த பார்வையை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ரோட்டைப் பாரு, கண்ணு" என்றேன்.

"ரோட்டுல என்னா இருக்குது?" என்றது.

முப்பது நாற்பது எடுத்தேன். காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தது.

"ஆதார் கார்டுல இருக்கற மாதிரியே இருக்கறன்" என்றது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்தது.

"பரவால்லீங்க தாத்தா. அந்த வெள்ளைப் படமே ரெண்டு போட்டுக் குடுங்க. அப்பா எப்பிடியும் கேப்பாரு."

போட்டுக் கொடுத்தேன். கவரைத் திறந்து பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டது.

ஆவணியில் அதற்குக் கல்யாணம் ஆனது. படம் எடுக்க என்னைக் கூப்பிடவில்லை. சேலத்திலிருந்து வந்தார்கள், மேலே பறக்கிற கேமராவோடு. ஆனால் மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை படத்தோடு சேர்த்து வைத்த பேனரில் இருந்தது நான் செய்த படம்தான். ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. ரோஜாத் தோட்டம், மாவு பூசின கன்னம், அந்த உதட்டுச் சிரிப்பு. அதற்குக் கீழே நின்று வருகிறவர்கள் செல்பி எடுத்துக்கொண்டார்கள். நான் மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் வந்தேன்.

அடுத்த வாரம் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் போன். போனில் அந்த பேனர்.

"இது நீங்க எடுத்ததாமே? மண்டபத்துல எல்லாரும் இதைத்தான் பேசினாங்க. இதே மாதிரி எங்க பொண்ணுக்கும் எடுத்துக் குடுங்க."

பெண் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றது. மாநிறம். அதற்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் கிடந்த ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, உள்ளே போய்க் குடை லைட்டைப் போட்டேன்.